ஊருக்கு முன் வார்டைக் கேள்

நாகர்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அமெரிக்காவில் செவிலியர் வேலைக்கு ஹூஸ்டன், பிட்ஸ்பர்க், சாக்ரமெண்டோ என்று மூன்று ஊர்களின் பெயரையும் நீ போனில் சொன்ன நாளிலிருந்து, அடுப்படியில் நின்றாலும் மாடியில் துணி உலர்த்தினாலும் எனக்கு அதே நினைவாக இருக்கிறது. போனில் பேசினால் அப்பா ஒன்று சொல்கிறார், நீ ஒன்று சொல்கிறாய், பாப்பா நடுவில் வந்து போனை வாங்கிக்கொள்கிறாள். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2013-இல் அங்கே குடியேறி வேலை பார்க்க உனக்காக மனுப் போட்டபோது உனக்குத் திருமணம்கூட ஆகியிருக்கவில்லை. இந்தியாவில் பிறந்த செவிலியர்களுக்கான வரிசை அவ்வளவு நீளமாக இருந்ததால், உன் முறை வருவதற்குள் மஸ்கட்டில் பல வருடப் பணியும் எட்டு வயதுப் பெண்ணும் உனக்கு வந்துவிட்டன. இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்ததை, வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சி ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் கெடு வைத்திருக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு முடித்துவிடாதே.

மருமகன் எழுதி அனுப்பிய வரவு செலவுக் கணக்கை இரண்டு முறை படித்தேன். அவர் கணக்கில் பிழை இல்லை. ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது; பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியாவில் 3.07 சதவீதம், அந்த நகருக்குள் குடியிருந்தால் நகரத்துக்கும் பள்ளிகளுக்குமாக இன்னும் 3 சதவீதம். சாக்ரமெண்டோ இருக்கும் கலிபோர்னியாவிலோ வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறிக்கொண்டே போகும், வாடகையும் மற்ற இரண்டு ஊர்களைவிட அதிகம். அவருடைய வேலையையும் நான் மறக்கவில்லை. எண்ணெய் நிறுவனத்தில் கருவிகளைப் பராமரித்துப் பழகிய கைகளுக்கு ஹூஸ்டனைவிடப் பொருத்தமான ஊர் அமெரிக்காவில் இருக்காது. சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் அந்த ஊரைச் சுற்றியே நிற்கின்றன. நீ வேலைக்குப் போய், அவர் வீட்டில் சும்மா இருந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஹூஸ்டனின் பெருமை உன் தொழிலுக்கும் உண்டு. உலகிலேயே பெரிய மருத்துவ வளாகம் அங்கேதான் இருக்கிறது; எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை அதற்குள்தான் வருகிறது. டெக்சாஸில் குடியிருந்துகொண்டு பல மாநிலச் செவிலியர் உரிமம் பெற்றுவிட்டால், மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது ஏறத்தாழ நாற்பது மாநிலங்களில் செல்லும் என்பதால், பிறகு வேறு ஊருக்கு மாற நினைத்தாலும் சிரமம் குறைவு. கலிபோர்னியா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆனால் வெள்ளத்தையும் சேர்த்தே அந்த ஊரை நினைக்க வேண்டும். 2001-இல் வந்த புயல் மழையில் அந்த மருத்துவ வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அதன் பிறகு வெள்ளத்தடுப்புக் கதவுகள் வைத்தார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அவை காத்தன. 2024 ஜூலையில் வந்த பெரில் புயலிலோ இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. புயல் வருகிறதென்றால், முடியும் வரை மருத்துவமனையிலேயே தங்கி வேலை செய்ய ஒரு குழுவைக் குறித்து வைப்பார்கள். நீ அந்தக் குழுவில் இருக்கும் நாட்களில், மின்சாரம் இல்லாத வீட்டில் பாப்பாவுடன் இருக்கப்போவது மருமகன்தான் என்பதை அவரிடமும் சொல்.

பிட்ஸ்பர்க் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. வீட்டு விலை குறைவு, நல்ல மருத்துவமனைகள் உண்டு. இரும்பு ஆலைகள் 1980-களில் மூடப்பட்ட பிறகு அந்த ஊருக்குச் சோறு போட்டதில் மருத்துவமனைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஜோனஸ் சால்க் போலியோ ஊசியை உருவாக்கியதும் அங்கேதான். நாங்கள் குழந்தைகளுக்குக் கொடுத்த சொட்டு மருந்து வேறு, ஆனாலும் அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் எனக்கு மரியாதை வந்தது. இருந்தாலும் மலைச்சரிவுகள் நிறைந்த ஊரில், பனி உறைந்த சாலையில், காலை ஏழு மணிப் பணிக்கு இருட்டிலேயே நீ கார் ஓட்டிப் போவதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தாயின் பயம் என்று இதை நீ ஒதுக்கினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது வரியையும் வானிலையையும் பற்றி அல்ல, மக்களே. உங்கள் இருவரின் பேச்சிலும் அந்தக் கணக்குத் தாளிலும் ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. இரவில் உன் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருப்பார்கள்?

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், நான் வேலை பார்த்த மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் 48 கட்டில்கள் இருந்தன. தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இரவில் நானும் ஒரு பயிற்சி மாணவியும் மட்டும். ஒரு நாள் குடல் அறுவை முடிந்து வந்திருந்த ஒரு கொத்தனாரை இரவு இரண்டு மணிக்குப் பார்த்தேன். நாடி சரியாக இருந்தது, தண்ணீர் கேட்டார், இப்போது குடிக்கக் கூடாது என்று உதட்டை மட்டும் நனைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். வரிசையாகப் பார்த்து மறுபடி அவரிடம் வந்து சேர்ந்தபோது நாலே கால் ஆகியிருந்தது. போர்வைக்கு அடியில் முழுவதும் இரத்தம். அவர் விடியும் வரை இருக்கவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, விசாரணையும் வரவில்லை. ஆனால் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை என்னால் அவரைப் பார்க்க முடிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்த உதடுகள் என் நினைவை விட்டுப் போகவில்லை.

இது என் ஒருத்தியின் மனக்குறை அல்ல. லிண்டா எய்க்கன் என்ற செவிலியர் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு உனக்கும் தெரிந்திருக்கும்: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை முடிந்தவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, செவிலியர் பணியில் சோர்ந்து துவண்டுபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அந்த மாநிலத்திலேயே எடுத்த கணக்கு இது, ஆனாலும் அங்கே இன்னும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் இல்லை. டெக்சாஸில் 2009-ஆம் வருடச் சட்டப்படி மருத்துவமனைக்குள் செவிலியர்களையும் சேர்த்த ஒரு குழு ஆள் கணக்கைப் பார்க்க வேண்டும்; ஆனால் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

கலிபோர்னியாவில் சொல்கிறது. 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உன்னைப்போல் அறுவை சிகிச்சை வார்டில் இருப்பவருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. குழந்தைகள் வார்டில் நான்கு. தீவிர சிகிச்சையில் இரண்டு. இரவிலும் அதே எண்தான். நீ சாப்பிடப் போகும் அரை மணி நேரத்துக்கும் அதே எண்தான். உன் ஐந்து பேரைப் பக்கத்தில் நிற்பவளின் தலையில் ஏற்றிவிட்டுப் போகச் சொல்ல முடியாது. இடையில் வந்த அரசு அதைத் தள்ளிப்போடப் பார்த்தபோது அங்குள்ள செவிலியர்கள் தெருவில் இறங்கிப் போராடி அதைக் காப்பாற்றினார்கள். 48 கட்டிலுக்கு நடுவில் நின்ற எனக்கு, ஐந்து என்ற அந்த எண்ணைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆகவே என் மனம் சாக்ரமெண்டோவில் இருக்கிறது. குறை அங்கேயும் உண்டு: கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயில், சில வருடங்களில் காட்டுத்தீயின் புகை, 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தபோது சாக்ரமெண்டோ வரை புகை மூடியிருந்தது. பாப்பாவுக்கு மழைக்காலத்தில் வரும் இழுப்பை நினைத்து அதைப் பற்றி அங்கே ஒரு குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். நல்லதும் உண்டு: ஊருக்கு வடக்கே நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றனவாம். நீ பகல் பணி முடித்து இரவு ஏழு மணிக்கு வெளியே வரும்போது, கோடையில் எனக்கு இங்கே காலை ஏழரை. காப்பியோடு உட்கார்ந்து உன்னிடம் பேசலாம்.

மருமகனின் வேலையை நான் தட்டிவிட்டு எழுதவில்லை. வியாழக்கிழமை ஹூஸ்டன்காரர்கள் பேசும்போது நீயே கேள்: இரவில் அறுவை சிகிச்சை வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை பேர், ஆள் வராத நாளில் எத்தனை பேர், வேறு வார்டுக்கு மாற்றி அனுப்புவார்களா, ஒப்பந்தம் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். சம்பளத்தைச் சொன்ன அதே உறுதியுடன் ஐந்து என்று அவர்கள் எழுத்தில் கொடுத்தால், நீங்கள் மூவரும் ஹூஸ்டனுக்கே போங்கள். நான் மறுபேச்சு பேசமாட்டேன். "அது நாளுக்கு நாள் மாறும்" என்று பதில் வந்தால் அதற்கு என்ன பொருள் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உன் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழின் அசல் இங்கே இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை அப்பா அதைக் கூரியரில் அனுப்புகிறார். வந்து சேர்ந்ததும் சொல்.

இப்படிக்கு,
அம்மா