படத்தின் கீழே ஒரு பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தீபாவளிக்கு வந்துபோன பிறகு நீ சரியாகவே பேசவில்லை. அம்மா கேட்டால் வேலை அதிகம் என்கிறாயாம். சரி, வேலை இருப்பது நல்லதுதான். நேரத்துக்குச் சாப்பிடு. நடுராத்திரி வரை டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்காராதே. சின்ன மாமா விஷயம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன்.

உன் காமிக்ஸ் புத்தகத்தில் ஒரு கட்டத்தைத் திருட்டு என்று சிலர் சொல்வதாகத் தம்பி சொன்னான். நான் துருவிக் கேட்கவில்லை. உனக்குச் சில பழைய சங்கதிகளை எழுத வேண்டும்போல் இருந்தது.

பேட்மேனின் முதல் கதை 1939 மே மாத இதழில் வந்தது. எழுதியவர் பில் ஃபிங்கர். 1936-இல் ‘ஷேடோ’ என்ற துப்பறியும் நாயகனைப் பற்றி வந்த கதை ஒன்றைத் தழுவித்தான் அதை எழுதினார். பிற்பாடு அவரே அதை ஒளிக்காமல் சொன்னார். படம் போட்ட பாப் கேனும் பல காட்சிகளை மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்தே வரைந்தார். அதற்காக யாரும் பேட்மேனைத் தூக்கி எறியவில்லை. எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. உருவாக்கியவர் என்ற வரியில் கேன் பெயர் மட்டுமே பல காலம் வந்தது. ஃபிங்கர் 1974-இல் போய்ச் சேர்ந்தார். அந்த வரியில் அவர் பெயர் ஏறியது 2015-இல்! அந்த மனுஷர் எதையும் பார்க்கவில்லை.

அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியைப் பார். 1972-இல் அவர் உருவாக்கிய ‘டீமன்’ பாத்திரத்தின் முகம், ஹால் ஃபாஸ்டரின் படக்கதை நாயகன் பிரின்ஸ் வேலியண்ட் 1937-இல் வாத்துத் தோலில் செய்து மாட்டிக்கொண்ட பேய் முகமூடி. ஃபாஸ்டரைப் படித்த எவருக்கும் பார்த்ததுமே தெரியும். தெரியட்டும் என்றுதான் வரைந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பானிய காமிக்ஸ் ஓவியர் உராசாவா செய்த காரியம். சின்னப் பையனாக ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் படித்து வளர்ந்தவர். அதில் 1964-இல் தொடங்கிய ஒரு ரோபோ கதையை எடுத்து, 2003 முதல் ‘புளூட்டோ’ என்று புதிதாக வரைந்தார். தெசுகாவின் மகன் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு சம்மதித்தபோது, அப்பா மாதிரியே வரைய வேண்டாம், உங்கள் பாணியில் வரையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பழைய கதையில் சில பக்கங்களே வந்துபோகும் போலீஸ் ரோபோ கெசிக்ட் இதில் கதாநாயகன். அவனுக்கு ஒரு மனைவி, கெட்ட கனவுகள், மறக்கவைக்கப்பட்ட ஒரு துக்கம். அட்டையில் உராசாவா பெயரோடு தெசுகா பெயரும் இருக்கிறது. கடன் வாங்குவதென்றால் இப்படி வாங்க வேண்டும், பாப்பா.

இனி உன் கதைக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இருட்டில் ஆளே தெரியாமல் ஒரு கை மட்டும் கதவைத் திறக்கிற கட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உன்னை மடியில் வைத்துக்கொண்டு இரும்புக்கை மாயாவி படித்துக் காட்டியவன் நான்தானே? 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் புத்தகம் அது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ரயிலில் பக்கத்து சீட்காரரிடம்கூட உன் புத்தகத்தைக் காட்டினேன். உன் கோடு உன்னுடையது, அந்தப் பெண்ணின் பயமும் உன்னுடையது. திருட்டு என்று சொல்பவர்கள் முழுக் கதையையும் படித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கையை வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வாரப் பத்திரிகையில் மாயாவி கதையின் ஆங்கில மூலம் தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே ஓவியர் பெயரைப் பெரும்பாலும் போடுவதில்லை. எனக்கே அவர் பெயர் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் போடாமல் விட்டாயே, அதுதான் எனக்கு வருத்தம்.

கதையை எடுத்துவிடாதே. வரைவதையும் நிறுத்தாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தின் கீழே அவர் பெயரைப் போடச் சொல்லிப் பதிப்பகத்துக்கு இன்றைக்கே எழுது. அப்புறம் போன் பண்ணு. அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது, முதலில் என் நம்பருக்கே கூப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா