அந்த 25 பங்கில் எங்கள் கடல் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023-24ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குப் பொதுப் பாடத்திட்டம் வந்தபோது, நூற்றுக்கு 75 பங்கு எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், மீதி 25 பங்கைப் பல்கலைக்கழகங்கள் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று உயர்கல்வி மன்றம் கூறியது. தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் அந்த 75ஐ எதிர்த்து வாதிட்டதில் நியாயம் உண்டு. ஆனால் கேட்பாரற்றுக் கிடக்கும் அந்த 25 பங்கைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் பல்லாண்டுகள் தாவரவியல் கற்பித்தேன். செய்முறைத் தேர்வு ஒன்றில், ஃபார்மலினில் கிடந்து வெளுத்துப்போன பாசியைப் பார்த்துச் 'சர்காசம்' என்று சரியாக எழுதிய பாம்பன் பக்கத்து மாணவி, வெளியே வந்ததும், "சார், இது எங்க ஊர்க் கட்டக்கோரை தானே?" என்று தயங்கிக் கேட்டாள். அவளுடைய தாயார் பாசி எடுப்பவர். மூன்றாண்டுகள் என் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நான் ஒருநாளும் சொல்லித்தரவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் இப்பெண்கள், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்துக்கு 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவதெனத் தாங்களே கூடிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். பறித்த பாசி மீண்டும் தழைக்க வேண்டுமே என்ற கவலைதான் காரணம். இதைவிட நல்ல சூழலியல் பாடம் எந்த நூலில் இருக்கிறது? விலங்கியலிலும் இதே நிலைதான். முட்தோலிகள் (முள் போன்ற தோலுடைய கடல் உயிரினங்கள்) என்ற தலைப்பில் கடல் அட்டையின் படத்தை வரையும் மாணவனுக்கு, 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம் என்பதும், அத்தடையால் சங்கு குளித்தும் அட்டை எடுத்தும் பிழைத்த குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பதும் பாடத்தில் வருவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவான வரலாற்றை, சட்டத்தின் பக்கமும் கரையின் பக்கமும் நின்று அவர்கள் படிக்க வேண்டாமா?

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் பல்லாண்டுகள் இருந்ததே மண்டபத்தில்தான். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. ஆகவே கற்பிக்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாடத்திட்டக் குழுக்களில் தொழில்துறையினர் ஒருவருக்கு இடம் தரும் வழக்கம் உண்டு. எங்கள் கரையில் தொழில் என்றால் கடல்தொழில்தான் என்பதால், அந்த இடத்தில் பாசி எடுக்கும் பெண் ஒருவரை அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் முதலில் திருத்தச் சொல்வது கால அட்டவணையாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் செய்முறை வகுப்பு என்று நாம் எழுதிவைத்தால் கடல் அதற்காக வற்றித் தராது. கடல் நன்றாக வற்றும் அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்தே அந்நாள்களைக் குறிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.