பாறுகளின் மண்டையோடும் நம் கடற்கரையும்

மண்டபம்

அன்புள்ள இராமலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடியும் காட்டோரம் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதறிந்து மனம் நிறைந்தது. இங்கே வீட்டில் அனைவரும் நலம். பேத்தி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, விலங்கியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். எனக்கு அதில் மகிழ்ச்சியே.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் செத்த எருமையின்மேல், பிணந்தின்னிக் கழுகுகள் என்று ஊரார் சொல்லும் பாறுகளில், செந்தலைப் பாறு ஒன்றையும் வெண்முதுகுப் பாறுகளின் கூட்டத்தையும் ஒன்றாகப் பார்த்ததாக எழுதி, ஒரே இரையைத் தின்னும் பறவைகளுக்குத் தலை ஏன் இவ்வளவு வேறுபட வேண்டும் என்று கேட்டிருந்தாய். பாறுகள் இல்லாத இடத்தில் ஒரு மாடு செத்தால் என்ன நடக்கிறது என்பதை அண்மையில் வாலிநோக்கம் பக்கம் பார்த்தேன். அதிலிருந்தே உன் கேள்விக்கு விடை சொல்லலாம் என்று தோன்றுகிறது. கண்ணை ஒரு காக்கை கொத்திக் குழியாக்கியிருந்தது. மற்றபடி உடம்பில் கீறல் இல்லை. வயிறு உப்பி, தோல் விறைத்திருந்தது. இரண்டு நாய்கள் மடியைக் கடித்திழுத்துப் பார்த்துவிட்டு மணலில் படுத்துக்கொண்டன. மேலே வட்டமிட்ட செம்பருந்துகளும் கரும்பருந்துகளும் இறங்கவே இல்லை. கருவாட்டுக் களத்துக் கழிவையும் மீன்குடலையும் கிழிக்கப் போதுமான அவற்றின் சிறிய அலகு மாட்டுத்தோலிடம் செல்லாது.

ஆகவே, பிணத்தில் முதல் தடை தோல்தான். செந்தலைப் பாறின் மண்டையோடு அகன்றது. அலகு உயரமும் தடிப்பும் உடையது. தாடைத் தசைகள் பற்றிக்கொள்ள எலும்பில் இடம் தாராளமாக உண்டு. தோலையும் தசைநாரையும் இழுத்துக் கிழிப்பதற்கான தலை அது. வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் வேறு வழியில் வளர்ந்தவை. அவற்றின் மண்டையோடு நீண்டு, ஒடுங்கி, தாழ்வாக இருக்கும். கழுத்து நீளமானது, அதில் இறகு மிகக் குறைவு, நாக்கின்மேல் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் உண்டு. தோல் கிழிந்து திறந்த இடத்தில் தலையை உள்ளே விட்டு ஈரல், குடல், மெல்லிய தசை ஆகியவற்றை வேகவேகமாக விழுங்குவதற்கு இவை அத்தனையும் உதவுகின்றன. வேகம் வேண்டும், ஏனென்றால் சுற்றிலும் தன் இனமே கூட்டமாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது வகை, நாம் பள்ளிச் சுற்றுலாவில் திருக்கழுக்குன்றத்து மலைமேல் பார்த்த அந்த இணை: மஞ்சள்முகப் பாறு. சிறிய தலையும் மெல்லிய நீண்ட அலகும் கொண்ட அது, பெரியவை விட்டுப்போன துணுக்குகளை எலும்பிடுக்குகளிலிருந்து பொறுக்கும். இமயத்துத் தாடிப் பாறோ எலும்பையே முக்கிய உணவாக்கிக்கொண்டது.

நம் மணற்றிட்டுகளில் பனிக்காலத்தில் வந்திறங்கும் கரைப்பறவைகளை நினைத்துப் பார். பட்டாணி உப்புக்கொத்தி மேற்பரப்பில் ஓடியோடிப் பொறுக்குகிறது. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய கோட்டான் (ஆந்தையல்ல, கரைப்பறவை) சேற்றின் அடியிலிருந்து புழுவை இழுக்கிறது. அவை ஒரே சேற்றை ஆழத்தால் பங்கிட்டுக்கொள்வதுபோல, பாறுகள் ஒரே பிணத்தை அதன் கடினத்தால் பங்கிட்டுக்கொள்கின்றன.

இது வெறும் குடும்பச் சாயல் என்று நினைத்துவிடாதே. உலகில் உள்ள 23 வகைப் பாறுகளில் 16 நம் பக்கத்து ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்தவை. 7 அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. இரு கூட்டத்துக்கும் மூதாதையர் வேறு. அமெரிக்கப் பாறின் மண்டையோட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒரு நாசித்துளை வழியாக மறுபுறம் தெரியும். நம்முடையவற்றில் நடுவே தடுப்புண்டு. வம்சம் இவ்வளவு வேறாக இருந்தும், அங்கேயும் வன்மையான அலகோடு கிழிப்பது ஒன்றும், மெல்லிய அலகோடு பொறுக்குவது ஒன்றும் உருவாகியிருக்கின்றன. உணவின் தன்மை எலும்பை வடிவமைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தலைக்குக் கீழேயும் இதே கதைதான். செம்பருந்து மீனைக் காலால் கவ்வித் தூக்கிப்போகும். பாறின் நகங்கள் மழுங்கியவை, பிடி தளர்ந்தது, நடப்பதற்கு ஏற்றது. இறக்கையோ நீண்டு அகன்று, வெப்பக்காற்றில் ஏறி மிதப்பதற்கென்றே அமைந்தது. விடாமல் அடித்துப் பறக்கும் தசை வலிமை அதற்குக் குறைவு. கடலின்மேல் அத்தகைய வெப்பக்காற்று போதிய அளவு எழுவதில்லை. 14 கிலோமீட்டரே அகலமான ஜிப்ரால்டர் நீரிணையைக் கடக்கவே ஐரோப்பியப் பாறுகள் தயங்கித் தயங்கிக் காற்றுக்காகக் காத்திருக்கும். நம் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பாறுகள் இந்தியா முழுவதும் மலிந்திருந்த காலத்திலும் இலங்கையில் அவை குடியேறவில்லை. இந்தக் கடல் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன். இராமாயணத்தில் சிறகிழந்த கழுகு சம்பாதி தென்கரையிலிருந்து இலங்கையைக் கண்ணால் கண்டு சொன்னான் என்று பாட்டி சொன்ன கதை, தனுஷ்கோடி மணலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனி உன் துறையான கால்நடை மருத்துவத்துக்கு வருகிறேன். வலிக்காக மாட்டுக்கு ஊசியாகப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததும், 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு 999 என்ற அளவில் அழிந்ததும், 2006-இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டதும் உனக்குத் தெரிந்தவை. அதற்கு முன்பே, பாறுகளுக்குத் தீங்கில்லாத வலிமருந்தான மெலாக்சிகாமுக்கு மாறியவன் நீ. நான் சேர்க்க விரும்புவது இதை: நூற்றில் ஒரு பிணத்துக்கும் குறைவாக நஞ்சு இருந்திருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மெல்லிய உறுப்புகளை விரைந்து விழுங்கும் தலையும், தொலைவிலிருந்து மிதந்து வந்து ஒரே பிணத்தில் கூட்டமாக இறங்கச் செய்யும் இறக்கையும் சேர்ந்ததால், ஒரு மாட்டின் நஞ்சு ஒரு கூட்டத்தையே கொன்றது. அந்த மருந்தைத் தாங்காத உடல்வாகு அடிப்படைக் காரணம்தான். ஆனால் காலங்காலமாக அவற்றை வாழவைத்த வடிவமே சாவையும் பரப்பியது என்பதை எண்ணும்போது எனக்குத் தாளவில்லை. செந்தலையும் மஞ்சள்முகமும்கூடப் பெரிதும் குறைந்துபோயின. எஞ்சியிருப்பவற்றில் சில உன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன என்பதால்தான் உன் கடிதத்தை இவ்வளவு ஆவலோடு படித்தேன்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். அடுத்த முறை பிணத்தருகே இரு வகையும் சேர்ந்திருந்தால், எது முதலில் வந்தது, எது எந்தப் பகுதியைத் தின்றது என்று குறித்து அனுப்பு. செந்தலையின் தலையைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்க முடிந்தால் பேத்திக்கு அலகின் உயரத்தைக் காட்டுவேன். மாசியில் இங்கே வருவதாக எழுதியிருந்தாய்; வரும்போது உன் குறிப்பேட்டையும் எடுத்துவா.

அன்புடன்,
முனியசாமி