டன் கணக்குல கூலி வாங்குறவர்கிட்ட என்ன சொல்றது சார்?

சார்,

ரிடையர்மென்ட் ஃபங்ஷன்ல என்னை பேச கூப்பிட்டப்ப போன் வந்த மாதிரி வெளிய போயிட்டேன், சாரி. ஆனா மேடையில ஒவ்வொருத்தரா எத்தனை பேப்பர், எத்தனை பிஎச்டின்னு வாசிச்சிட்டு இருந்தப்ப எனக்கு அந்த ஹாஸ்டல் கட்டடம்தான் ஞாபகத்துல ஓடுச்சு, அதை உங்க வீட்டு ஆளுங்க முன்னாடி எப்படி சொல்றது.

2001, குஜராத் பூகம்பத்த பாத்துட்டு நீங்க திரும்பி வந்த வாரம். புஜ்லேர்ந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற அகமதாபாத்ல, கீழ வெறும் பில்லர் வச்சு பார்க்கிங் விட்ட அபார்ட்மென்ட்லாம் அப்படியே உக்காந்துருச்சுன்னு ஸ்லைடு போட்டீங்க. திடீர்னு கிளாஸ நிறுத்திட்டு கட்டிட்டு இருந்த ஹாஸ்டலுக்கு எங்கள இழுத்துட்டு போனீங்க. பில்லரோட மெயின் கம்பிகள சுத்தி கட்டுற ரிங்கோட நுனி கொக்கிய 90 டிகிரில விட்டா, மேல மூடியிருக்கற கவர் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் பிரிஞ்சிரும், மெயின் கம்பி வெளிய பிதுங்கிரும், அதனால 135 டிகிரி வளைச்சு உள்ள பத்து டயா (ரிங் கம்பி தடிமன மாதிரி பத்து மடங்கு) போகணும்னு சாக்பீஸால தரையில படம் போட்டு கம்பி கட்டுற அண்ணன்கிட்ட விளக்குனீங்க. அவ்ளோ பொறுமை எங்ககிட்ட கூட காட்டுனதில்ல. அப்ப பூகம்ப ஆபத்து மேப்புல சென்னை ஜோன் 2 தான், ரிங்க இப்படி வளைக்கணும்னு சொல்ற பூகம்ப விதி (கோடு) ஐஎஸ் 13920 இங்க கட்டாயமே இல்ல, 2002-ல தான் ஆபத்து கூடுன ஜோன் 3 ஆச்சு. கோடு சொல்றதுக்கு முன்னாடியே நீங்க சொன்னீங்க.

அவரு முழுசா கேட்டுட்டு, "செய்யலாம் சார், எங்களுக்கு கட்டுற கம்பி எடைக்கு டன் கணக்குல கூலி, ரிங்குக்கே இவ்ளோ நேரம் போனா யாரு குடுப்பா?"ன்னாரு. நீங்க "உயிர் விஷயம்பா"ன்னு சொல்லி கைய தட்டிட்டு கிளம்பிட்டீங்க.

உயிர் விஷயம்தான். ஆனா ஒண்ணாந்தேதி சம்பளம் வர்றவங்களுக்கு அதை சொல்றது ஈஸி சார். ரிங்க மாத்துங்கன்னு சொன்னதுக்கு ஒரு பில்டர் என் பாக்கி டிசைன் பீஸ நிறுத்திட்டாரு (பேரு வேணாம், நம்ம பேட்ச் ஆளுங்க சிலர் இன்னும் அவர்கிட்ட இருக்காங்க). அன்னிக்கு உங்களுக்கு போன் பண்ணேன். "நீ பண்ணது கரெக்ட்"னு வச்சிட்டீங்க. கரெக்ட்னு எனக்கும் தெரியும், ஆபீஸ் வாடகைய யாரு கட்டுறதுன்னுதான் தெரியல.

மொமென்ட் கணக்கு (வளைக்கற விசையோட கணக்கு) சரியா இருந்தா போதும்னு மார்க் போட்ட வாத்தியார்கள் நிறைய. கம்பி எங்க முடியுதுன்னு வரையலன்னா பாதி மார்க்க வெட்டுனது நீங்க ஒருத்தர்தான். இன்னிக்கும் சைட்ல பில்லர் கூட்டுக்குள்ள என் கண்ணு முதல்ல கொக்கியத்தான் தேடுது.

இப்ப ரிங் வேலைய டன் ரேட்லேர்ந்து பிரிச்சு தனி ஐட்டமா எஸ்டிமேட்ல போட்டுடறேன். ஒத்துக்காத பில்டர்கிட்ட வேலை எடுக்கறதில்ல, அதனால வேலையும் கம்மிதான். உங்களுக்கு இப்ப டைம் இருக்குல்ல, என் டிராயிங்க ப்ரூஃப் செக் பண்ண, அதாவது ரெண்டாவது ஆளா சரிபாக்க வாங்க. சும்மா வேணாம். பீஸ் எவ்ளோன்னு நீங்களே வாயத் திறந்து கேளுங்க, கேக்காம வந்தா டிராயிங் தர மாட்டேன்.