விடுதி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் விடுதிக் குழுவினருக்கும் வணக்கம்.

உங்கள் கல்லூரியில் பி.எட். இடம் கிடைத்த என் மகளுக்கு விடுதியில் ஏன் இடம் கிடைக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். விண்ணப்பத்தில் 'தந்தை / கணவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். அவள் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாப்பிள்ளை போன ஐப்பசியில் விபத்தில் போய்விட்டார். அதனால் நான் கையெழுத்துப் போட்டேன். "அம்மா கையெழுத்து செல்லாது, சித்தப்பா, மாமா யாராவது வரட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று முறை பஸ் ஏறி வந்தோம். மூன்றாம் முறை, "புருஷன் இல்லாத பொண்ணு, நாளைக்கு ஏதாவதுன்னா யார் பொறுப்பு?" என்று வரிசையில் நின்ற பிள்ளைகள் காதுபடக் கேட்டார் ஒருவர். என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தாள்.

உங்கள் வரவேற்பறையில் சகோதரி சுப்பலட்சுமியின் படம் இருக்கிறது. காத்திருந்த நேரமெல்லாம் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தோம். பதினொரு வயதில் கல்யாணம், சீக்கிரமே கைம்மை. அந்தப் பெண் 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். எழும்பூர் வீட்டில் நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு பாடம் தொடங்கினார். அப்புறம் அந்த விதவைகள் இல்லம் மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடத்துக்குப் போனது. எதிரில் வந்தாலே அபசகுனம் என்று ஊர் ஒதுக்கிய பெண்களுக்கு அங்கே சோறும் படுக்க இடமும் படிப்பும் கிடைத்தன. பிராமணப் பெண்களுக்கு மட்டுமே என்று ஆரம்பித்தது அந்த இல்லத்தின் குறை, அதை மறைக்க வேண்டாம். 1922இல் ஆசிரியைகளுக்கான லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதற்குத் தலைமை ஏற்றார். விதவைகள் ஆசிரியைகளாகிச் சொந்தச் சம்பளத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. என் மகளும் அதற்காகத்தான் பி.எட். சேர்ந்திருக்கிறாள்.

அவளுக்கு 24 வயது. ஓட்டுப் போடலாம், சொத்து வாங்கலாம். விடுதியில் தங்க மட்டும் ஓர் ஆணின் கையெழுத்து ஏன் வேண்டும்? வாடகைக்கு வீடு கேட்டால் "வீட்டுக்காரர் எங்கே" என்கிறார்கள். கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். படிக்க வந்த இடத்திலும் அதே கேள்வி என்றால் எங்கே போவது?

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். பெற்றவள் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அவளைப் போன்ற பெண்கள் அடுத்த வருடமும் வருவார்கள், அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

வகுப்புகள் தொடங்கிவிட்டன. தினமும் காலை ஐந்தேகால் பஸ்ஸில் கிளம்பி, இரவு எட்டரைக்கு வீடு வருகிறாள். இந்த மாதத்துக்குள் ஒரு பதில் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்