15 கட்டம் தாண்டினால் விளக்கு எரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் பிள்ளைகளின் மூளையை மழுங்கடிக்கிறது என்று போன வாரம் உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் எந்தப் பிள்ளை பக்கத்திலாவது கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது. ஆறு மாதம் முன்பு வரை நானும் அவர் கட்சிதான்.

கும்பகோணத்தில் முப்பது வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் வகுப்பு, மைன்கிராஃப்ட் என்ற கேமில் கல்லும் மரமுமாகக் கட்டம் கட்டமாக அடுக்கி ஊர் கட்டிக்கொண்டிருப்பான். ஒரு நாள், "தாத்தா, லைட் எரிய மாட்டேங்குது" என்றான். டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனால், அவன் காட்டியது ஸ்கிரீனில் இருக்கிற தெரு விளக்கை!

அந்த கேமில் ரெட்ஸ்டோன் என்று ஒரு சிவப்புத் தூள், தரையில் போட்டால் ஒயர் மாதிரி வேலை செய்யும். வெயிலை உணரும் சென்சாரும் இருக்கிறது, ஆனால் அது சாதாரணமாகப் பகலில்தான் சிக்னல் கொடுக்கும், இவனுக்கோ விளக்கு ராத்திரியில் எரிய வேண்டும். அதனால் நடுவில் ரெட்ஸ்டோன் டார்ச் என்ற குட்டித் தீப்பந்தத்தை வைத்திருந்தான்: அது ஒட்டியிருக்கிற கல்லுக்கு சிக்னல் வந்தால் டார்ச் அணையும், வராவிட்டால் எரியும். எலக்ட்ரானிக்ஸில் சிக்னலைத் தலைகீழாக்கும் நாட் கேட் என்பது இதுதான், வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆரும், கரண்டில் இயங்கும் சுவிட்சான ரிலேயும் வைத்து நாங்கள் செய்த அதே வேலை. பாதி யூடியூபில் பார்த்ததாம், மீதி தானே தட்டுத்தடுமாறிக் கற்றதாம்.

முன்னால் இருந்த விளக்குகள் எரிந்தன, கடைசி இரண்டு எரியவில்லை. எல்லாவற்றையும் இடித்துவிட்டு மறுபடி கட்டுவான் என்று நினைத்தேன். இல்லை, லைன் நடுவில் போய்ப் பார்த்தான், தூள் மங்கலாக இருந்தது, இன்னும் தள்ளிப் போனால் இருட்டு. சிக்னலின் பலம் 15-இல் கிளம்பி, கட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே போய்ச் செத்துவிடுகிறது. கட்டங்களை எண்ணினான், இடையில் சிக்னலை மறுபடி முழு பலத்துக்கு ஏற்றும் ஒரு ரிப்பீட்டரை வைத்தான், எரிந்தது.

கடையில் வேலை கற்க வந்த பையன்களிடம் நான் தலைதலையாய் அடித்துக்கொண்டது இதைத்தான்: கண்ட பார்ட்ஸை மாற்றாதே, சிக்னல் எதுவரை வருகிறது என்று முதலில் பார். அது பிடிபட சிலருக்கு ஒரு வருஷம் ஆகும், சிலருக்குக் கடைசி வரை வராது. செட் கெட்டுப்போனால் காசு போகும், திட்டு விழும் என்ற பயத்தில் கை நீளாது. கேமில் அந்தப் பயம் இல்லை, நாற்பது தடவை தப்பாகச் செய்து பார்க்கலாம், அதுதான் விஷயம்.

கேம் ஆடியவர்கள் விஞ்ஞானிகளுக்கே உதவியதும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-இல் ஃபோல்டிட் என்று, புரதம் எந்த வடிவத்தில் மடியும் என்று கண்டுபிடிக்கிற ஒரு கேம் விட்டது. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் தரும் வைரஸின் ஒரு என்சைமுக்கு என்ன வடிவம் என்று விஞ்ஞானிகள் பத்து வருஷத்துக்கு மேல் திணறியதை, அந்த கேமை ஆடியவர்கள் சில வாரத்தில் பிடித்துக்கொடுத்தார்கள், 2011-இல் ஆய்விதழிலேயே வந்தது.

காசு கட்டி ஆடும் ரம்மி வேறு கதை, அதையும் இதையும் ஒரே கட்டுரையில் போட்டுக் குழப்பியதுதான் எனக்குக் கோபம். ராத்திரி பத்து மணிக்கு இவனிடமிருந்தும் போனைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கிறது, தினம் சண்டைதான், அதை மறைக்கவில்லை.

இப்போது அந்தத் தெரு விளக்கை நிஜத்தில் செய்துபார்க்க வேண்டுமாம். பரணில் பழைய ரிலே தேடிக்கொண்டிருக்கிறேன், 12 வோல்ட் ரிலே ஒன்று இருந்த ஞாபகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
கும்பகோணம்