வங்கி மாற ஒரே விண்ணப்பம் போதும் என்று ஆக்குங்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. போன வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது முறையாக அவருடைய பழைய வங்கிக்குப் போனேன். மூன்றாவது முறையும் கணக்கை முடிக்க முடியாமல் திரும்பினோம். அன்றைக்கு ராத்திரியே எழுதியிருந்தால் வார்த்தை தடித்துப் போயிருக்கும். நான்கு நாள் ஆறவிட்டு எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் தன் சேமிப்புக் கணக்கை வேறொரு வங்கிக்கு மாற்றிக்கொள்ள நினைத்தால், புது வங்கியில் ஒரே ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும், மிச்ச வேலையை இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். பால் பணம், நூறு நாள் வேலைக் கூலி, 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை எல்லாம் ஒரே கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தன. நடந்து போகிற தூரத்தில் இருந்த கிளையை மூடி டவுன் கிளையோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது 16 கிலோமீட்டர், இரண்டு பஸ். பால் சொசைட்டிக்கு எதிரிலேயே வேறொரு வங்கி வந்ததும் அங்கே மாறிக்கொள்கிறேன் என்றார். அதில் என்ன தப்பு?

புதுக் கணக்குத் திறக்க அரை நாள்தான் ஆனது. பழையதை முடிப்பதுதான் ஆகவில்லை. எந்தக் கிளையில் வேண்டுமானாலும் பணம் கட்டலாம், எடுக்கலாம். கணக்கை முடிக்க மட்டும் ஹோம் பிராஞ்சுக்கு, அதாவது கணக்கு இருக்கும் கிளைக்கு, நேரில் வர வேண்டுமாம். முதல் தடவை, மிச்சம் இருக்கும் செக் தாள்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். அம்மா செக் புத்தகமே வாங்கியதில்லை என்றோம். அப்படியானால் வாங்கவில்லை என்று கடிதம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். இரண்டாம் தடவை அந்த மேசைக்காரர் லீவு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பஸ் காசு மிஞ்சியது. ஒவ்வொரு நாளும் போன கூலி போனதுதான்.

மூன்றாம் தடவை நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் சேர்ந்து, பொழுது சாய்ந்த பிறகு அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவர். ரேஷன் கடையிலும் சொசைட்டியிலும் மைப்பெட்டியை நீட்டினால், "பேனா குடுங்க" என்று கேட்டு வாங்குவார். அந்தக் கையெழுத்தைத்தான் அன்றைக்கு மேசைக்காரர் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, "ஒத்து வரலீங்கம்மா, இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டார். மறுபடியும் ஒத்து வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கீழே கீழே போடச் சொன்னார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு தடவை போட்டார் அம்மா. போடப்போட எழுத்து இன்னும் கோணலாகப் போனது, கை நடுங்கியது, கடைசி எழுத்தின் புள்ளி ஒன்றில் மேலே போனது, ஒன்றில் விழவே இல்லை.

சரி, ஆதார் மெஷினில் விரல் வைக்கச் சொல்லுங்கள் என்று நான்தான் கேட்டேன். பத்து விரலும் வைத்தாயிற்று. எதையும் எடுக்கவில்லை. முப்பது வருஷம் தேங்காய் உலர்களத்தில் கொட்டாங்குச்சியிலிருந்து பருப்பு நோண்டிய விரல் அது, ரேகை எங்கே இருக்கும்? எங்கள் பக்கம் களத்து வேலைக்குப் போன பெண்கள் பலருக்கும் இதே கதிதான். கடைசியில், இவரை அடையாளம் தெரிந்த இரண்டு பேரை, அதே கிளையில் கணக்கு வைத்திருப்பவர்களாகக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் வெகுநேரம் பேசாமல் வந்தவர், எங்கள் ஊர் திருப்பத்தில் சொன்னார்: "கண்ணு, பேசாம நான் கைநாட்டே வெச்சுக்கறன்னு சொல்லிரு."

ஐயா, அந்த மேசைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆள் மாறிப் பணம் போனால் அவர் வேலைதான் போகும். தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதே நாள் அதே கணக்கில் யாராவது பத்தாயிரம் போட வந்திருந்தால், கையெழுத்தும் ரேகையும் கேட்காமல் வாங்கிக்கொண்டிருப்பார்கள். உள்ளே வர அகலமாகவும் வெளியே போகக் குறுகலாகவும் வாசல் வைத்திருக்கிறோம். அந்த வாசலை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இந்த அலைச்சலுக்கு நடுவில் பணம் எங்கெங்கே போனது என்பதையும் சொல்கிறேன். புதுக் கணக்கோடு ஆதாரை இணைத்ததும் நூறு நாள் வேலைக் கூலி தானாகப் புதுக் கணக்குக்கு வந்துவிட்டது. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போகும். இது கணக்கு வேலை பார்க்கும் எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. பழைய கணக்கில் வரவில்லையே என்று பஞ்சாயத்து ஆபீசில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பால் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவது, அதனால் இன்னும் பழைய கணக்குக்கே போகிறது. வருஷம் 20 ரூபாய் பிடித்துக்கொண்டு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் திட்டமும் அந்தப் பழைய கணக்கில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கு முடிந்தால் அதுவும் முடிந்தது, புதிதாகச் சேர வேண்டும். இதை எந்த மேசையிலும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் செய்ய முடியாத காரியமா? கரூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1926ல் அங்கே பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி இடறி விழுந்தபோது, 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. எங்கள் பக்கத்து வியாபாரிகள் அன்றைக்குப் பட்ட வெசனம் எனக்குத் தெரியும். அடுத்த பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அந்த வங்கியின் கணக்குகள் எல்லாம் டிபிஎஸ் வங்கியின் கணக்குகள் ஆகிவிட்டன. யாரும் கையெழுத்துப் போடவில்லை, சாட்சி கூட்டிப் போகவில்லை. அதே வருஷம் ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. 2017ல் ஸ்டேட் பாங்கின் ஐந்து துணை வங்கிகள் அதோடு சேர்ந்தன. கோடிக்கணக்கான கணக்குகள் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நகர்ந்தன. மேலே இருப்பவர்கள் முடிவெடுத்தால் கணக்கு தானாக நகர்கிறது. கணக்குக்குச் சொந்தக்காரர் முடிவெடுத்தால் பதினோரு கையெழுத்து.

செல்போன் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது. இங்கிலாந்தில், அவர்கள் கரண்ட் அக்கவுண்ட் என்று சொல்லும் அன்றாடக் கணக்கை 7 வேலை நாளில் வேறு வங்கிக்கு மாற்றித் தரும் ஏற்பாடு 2013 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. புது வங்கியிடம் சொன்னால் போதும். பழைய கணக்கைத் தேடி வரும் பணத்தைப் புதுக் கணக்குக்குத் திருப்பிவிடுகிறார்கள். மாற்றும்போது பிழை நேர்ந்து அபராதம் விழுந்தால் வங்கியே ஈடு கட்டுகிறது. இங்கேயும் பேச்சு வராமல் இல்லை. உங்கள் துணை ஆளுநராக இருந்த எஸ்.எஸ். முந்த்ரா, கணக்கு எண்ணை மாற்றாமலே வங்கி மாறும் வசதி பற்றி 2017லேயே பொதுமேடையில் பேசினார். நாங்கள் அதை நம்பிக் காத்திருக்கிறோம்.

என் வேலையில் தினமும் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு கம்பெனியில் இருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறும் பிள்ளைகளிடம், அந்தந்தக் கம்பெனி சொல்லும் வங்கியில் புதுச் சம்பளக் கணக்குத் திறக்கச் சொல்லி நான்தான் பாரம் நீட்டுகிறேன். இருபத்தைந்து வயதுக்குள் நான்கு கணக்கு வைத்திருக்கும் பெண்கள் எங்கள் தையல் பிரிவில் இருக்கிறார்கள். சம்பளம் வருவது நின்றதும் அது சாதாரணக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கத் தொடங்குகிறது. இருக்கிற காசைக் கரைத்துவிட்டுத்தான் நிற்கிறது. இரண்டு வருஷம் தொடாத கணக்கில் அந்த அபராதம் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் நீங்கள் விதித்திருப்பது நல்ல காரியம். ஆனால் அந்த இரண்டு வருஷத்துக்குள் கரைவது யாருடைய பணம்? பத்து மணி நேரம் நின்று சம்பாதித்த பணம்.

தறி ஓட்டும் என் தம்பியின் நடப்புக் கணக்கைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகும். நூல் கடைக்குப் பின்னால் வரும் தேதி போட்டுக் கொடுத்த செக்குகள் திரும்பி வந்தால், கணக்கை முடித்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, வழக்கு வரும். அதற்குப் பயந்தே பிடிக்காத வங்கியில் கிடக்கிறான்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கேட்டதையே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். வங்கி மாற புது வங்கியில் ஒரே விண்ணப்பம் போதும் என்று ஆக்குங்கள். எந்த வங்கியோடு எந்த ஆதார் இணைந்திருக்கிறது, எந்தக் கணக்கிலிருந்து எந்தத் தவணை தானாகப் பிடிக்கப்படுகிறது என்ற விவரமெல்லாம் வங்கிகளுக்கு இடையே பணம் போய்வர வழி செய்யும் என்பிசிஐ அமைப்பிடம் இருக்கிறது. ஒருமுறை கொடுத்த கேஒய்சி ஆவணங்களுக்கு, அதாவது அடையாள, முகவரிச் சான்றுகளுக்கு, 14 இலக்க எண் கொடுத்து மத்தியப் பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு பாரமாக்கிக் கொடுக்கத்தான் கேட்கிறேன். பழைய கணக்குக்கு வரும் பணம் குறைந்தது ஒரு வருஷமாவது புதுக் கணக்குக்குத் திரும்பட்டும். அது வரும்வரை, கணக்கை எந்தக் கிளையிலும் முடிக்கலாம் என்றும், ரேகையும் கையெழுத்தும் ஒத்து வராத முதியவர்களை வரிசைக்கு முன்னால் நிறுத்திப் பரீட்சை வைக்காமல் தனியே உட்கார வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறோம். சாட்சிக்குச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் இரண்டு அக்காமார் வருகிறேன் என்றிருக்கிறார்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு. அம்மா நேற்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
காங்கேயம் வட்டாரத்து மகள் ஒருத்தி